லாங்ரென்னா, அல்பீனா? ஒஸ்லோவில் பனிச்சறுக்கு பழகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில், ஒஸ்லோவின் வடக்கே நூர்மார்க்கா காட்டின் மேட்டுப் பகுதிகளில் முதற்பனி தங்கத் தொடங்கியதும், எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். படிக்க வந்த மாணவர்கள், வேலைக்கு வந்த பொறியாளர்கள், முப்பது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தும் ஒருமுறைகூட ஸ்கீ என்ற சறுக்குப் பலகையில் ஏறாதவர்கள் என அழைப்பவர்கள் பலவிதம். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் மட்டும் ஏறத்தாழ ஒன்றேதான். நான் 34 வயதில் பழகத் தொடங்கியவன். இன்று இரண்டு வகைச் சறுக்கும் எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களை அழைத்துப் போவதும் உண்டு. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, இத்தனை காலம் வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

லாங்ரென், அல்பீன் என்று இரண்டு சொல்கிறார்கள். இரண்டும் ஸ்கீதானே, என்ன வித்தியாசம்?

குதிகாலைப் பாருங்கள், மற்ற வித்தியாசங்கள் எல்லாம் அங்கிருந்துதான் பிறக்கின்றன. லாங்ரென் ஸ்கீயில் சப்பாத்தின் முனை மட்டுமே பூட்டப்பட்டிருக்கும், குதிகால் எழும்பித் தாழும். ஆகவே சமதரையிலும் ஏற்றத்திலும் உங்கள் சொந்த வலுவில் நெடுந்தூரம் போகலாம். அல்பீன் ஸ்கீயில் முனை, குதிகால் இரண்டும் இறுகப் பூட்டப்படும், சப்பாத்தும் கணுக்காலை அசைய விடாத கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. மேலே ஏற்றுவது லிஃப்டின் வேலை. சரிவில் இறங்குவது மட்டுமே உங்கள் வேலை.

லாங்ரென் ஸ்கீ நான்கரை சென்டிமீட்டர் அளவுக்கே அகலமானது, தூக்கினால் பாரமே தெரியாது, பெரும்பாலானவற்றுக்கு இரும்பு விளிம்பும் கிடையாது. அல்பீன் ஸ்கீ அகலமும் பாரமும் கூடியது. அதன் இருபுறமும் ஓடும் உருக்கு விளிம்புதான் இறுகிய பனியைக் கடித்துப் பிடித்து உங்களைத் திருப்பவும் நிறுத்தவும் செய்கிறது. இந்த விளிம்பைப் பற்றிப் பின்னால் மீண்டும் சொல்ல வேண்டிவரும். பேச்சுவழக்கில் அல்பீனை ‘ஸ்லாலோம்’ என்றும் இங்கே சொல்வார்கள்.

நான் இதுவரை பனியில் நின்றதே இல்லை. எதில் தொடங்கினால் நல்லது?

நீங்கள் ஒஸ்லோவிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ வசிப்பவராகவும், குளிர்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வெளியே போகக் கூடியவராகவும் இருந்தால் லாங்ரென்னில் தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்களோடு இரண்டு மூன்று நாள் மலைக்குப் போவது மட்டுமே நோக்கம் என்றால் அல்பீனைத் தேர்ந்தெடுங்கள். துணிச்சல்காரருக்கு அல்பீன், சாதுவானவருக்கு லாங்ரென் என்று குணத்தை வைத்துப் பிரித்துச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்; அதில் எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை முறை போவீர்கள் என்பதுதான் சரியான அளவுகோல்.

காரணம், இரண்டும் கைவரும் விதம் வேறு வேறு. அல்பீனில், பொறுமையான பயிற்றுநர் ஒருவர் கிடைத்தால், முதல் நாள் மாலைக்குள் இலகுவான சரிவொன்றில் திரும்பி, நிறுத்தி, பயமில்லாமல் இறங்கும் நிலைக்குப் பெரும்பாலானோர் வந்துவிடுகிறார்கள். லாங்ரென்னில் முதல் நாளே ஒன்றிரண்டு கிலோமீட்டர் நகர்ந்துவிடலாம்தான். ஆனால் பாதத்துக்குக் கீழே ஸ்கீ தானாக ஓடுகிறது என்ற உணர்வு வர ஆறேழு தடவையாவது போயிருக்க வேண்டும். அந்த ஆறேழு தடவை இடைவெளி விடாமல் அமைந்தால்தான் உடல் அதைப் பிடித்துக்கொள்ளும். டிசம்பரில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணிநேரம்தான் என்றாலும், ஊரைச் சுற்றியுள்ள பல தடங்களில், அதாவது இயந்திரம் பனியில் பள்ளமாக வெட்டிய லாங்ரென் பாதைகளில், விளக்குகள் எரிவதால், வேலை முடிந்து வந்த பிறகும் ஒரு மணிநேரம் போய்வர முடியும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஸ்கீயில் ஏறுபவருக்கு லாங்ரென் ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளாகவே இருக்கும்.

லாங்ரென் என்றால் பனியில் நடப்பதுதானே? அதைப் பழக வேண்டுமா?

நடையில் தொடங்கி சறுக்கலில் முடிய வேண்டிய ஒன்று அது. நடப்பவர் உடல் எடையை இரண்டு காலுக்கும் பங்கிட்டு வைக்கிறார். சறுக்குபவரோ முழு எடையையும் ஒற்றைக் காலில் ஏற்றி, அந்த ஸ்கீ ஓடி முடியும்வரை அதன்மேல் பொறுத்து நிற்கிறார். பொறுத்து நிற்கும் அந்த அரைநொடிதான் லாங்ரென் வித்தை. அது வராதவரை கையும் காலும் வேகமாக அசையும், ஆள் மட்டும் முன்னே போகமாட்டார்.

புதியவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றே. கைத்தடிகள் இரண்டையும் ஓரத்துப் பனியில் குத்தி வைத்துவிட்டு, தட்டையான தடத்தில் நூறு மீட்டர் போய்வரச் சொல்வேன். தடி இருக்கும்போது கை மறைத்துவிடும் தவறுகள் எல்லாம் அப்போது வெளியே தெரியும். ஒருமுறை இப்படிப் பழகிக்கொண்டிருந்த எங்களை, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் கடந்து போனார். ஒவ்வோர் உந்தலுக்கும் மூன்று மீட்டர் ஓடினார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை, தடத்தில் ஸ்கீ உரசும் மெல்லிய சீறல் மட்டும் கேட்டது. பக்கத்தில் நின்ற தம்பி, “அண்ணா, அவர் எங்கே தள்ளுகிறார் என்றே தெரியவில்லையே” என்றார். அவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எது ஆபத்து குறைந்தது?

கடுமையான காயம் என்று பார்த்தால் லாங்ரென்னில் குறைவு. அல்பீனில் வேகம் அதிகம், சரிவில் ஆட்களும் அதிகம். முழங்காலின் உள்ளே இருக்கும் சிலுவைத் தசைநார் அறுவது அந்த விளையாட்டில் அடிக்கடி கேள்விப்படும் காயம். கைத்தடியைப் பிடித்தபடி விழுந்து பெருவிரலின் அடி மூட்டைச் சிதைத்துக்கொள்பவர்களும் உண்டு. சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் அல்பீன் பிணைப்பு, குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் சப்பாத்தைத் தானாக விடுவிக்கும்படி அமைக்கப்பட்டது. அந்த அழுத்தத்தை உங்கள் எடை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து அமைப்பார்கள். ஆகவே வாடகைக் கடையில் எடையைக் கேட்டால் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம். உங்கள் முழங்கால் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. தலைக்கவசம் கட்டாயம் அணியுங்கள்.

ஆனால் லாங்ரென்னில் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் பகுதியில் சொன்ன உருக்கு விளிம்பு அங்கே இல்லை, குதிகாலும் பூட்டப்படவில்லை. தட்டையான இடத்தில் சுகமாக இருக்கும் அதே ஸ்கீ, ஓர் இறக்கம் வந்ததும் பிடிமானம் இல்லாத ஒன்றாக மாறிவிடுகிறது. எனக்குத் தெரிந்து லாங்ரென்னை ஒரே நாளில் கைவிட்டவர்கள் எல்லோரும் கைவிட்டது ஓர் இறக்கத்தின் அடியில்தான்.

அப்படியானால் லாங்ரென்னில் இறக்கம் வந்தால் என்ன செய்வது?

இறக்கத்தின் உச்சியிலேயே தீர்மானியுங்கள், பாதி வழியில் அல்ல. கீழே வளைவு இருக்கிறதா, ஆட்கள் நிற்கிறார்களா, முடிவு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஸ்கீயைக் கழற்றி, வலது ஓரமாக, தடத்தை மிதிக்காமல் நடந்து இறங்குங்கள். என் முதல் பருவத்தில் நான் அப்படி நடந்து இறங்கிய இடங்கள் பல. அவற்றில் ஒன்றில் நடக்காமல் விட்டதன் விலை, மூன்று வாரம் மணிக்கட்டில் கட்டு.

சறுக்கி இறங்குவதென்றால் முதலில் தடத்தை விட்டு வெளியே வாருங்கள். பள்ளமாக வெட்டிய தடத்துக்குள் ஸ்கீயைத் திருப்ப முடியாது, அந்தத் தடம் உறைந்திருந்தால் வேகம் நினைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். வெளியே வந்ததும் முழங்காலை மடித்து, ஸ்கீகளின் முனைகளை நெருக்கி, பின்புறத்தை அகற்றி, உள்விளிம்புகளில் அழுத்துங்கள். நோர்வேயர் இதை ‘ப்ளோக்’, அதாவது கலப்பை என்பார்கள். சற்றுப் பழகிய பிறகு, ஒரு காலைத் தடத்தில் விட்டு மற்றக் காலால் மட்டும் அரைக் கலப்பை போட்டு வேகத்தைக் குறைக்கலாம். கட்டுப்பாடு போய்விட்டது என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள். எழும்பும்போது மல்லாந்து படுத்து, இரண்டு ஸ்கீயையும் மேலே தூக்கி, அவை சரிவுக்குக் குறுக்காக வரும்படி புரண்டு, முழங்காலில் ஊன்றி எழும்புங்கள். இதை வீட்டுக்கு முன்னால் இருக்கும் தட்டைப் பனியிலேயே பத்து முறை செய்து பார்ப்பது வீண்போகாது.

செலவு எதில் குறைவு?

லாங்ரென்னில், சந்தேகமே இல்லை. தடங்களுக்குக் கட்டணம் கிடையாது. காட்டிலும் மலையிலும் எவரும் நடமாடலாம் என்ற பழைய உரிமையை 1957ஆம் ஆண்டின் திறந்தவெளி வாழ்க்கைச் சட்டம் எழுத்தில் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் தடங்களைச் செப்பனிடும் பணியில் 1883இல் தொடங்கிய ஷீஃபோரெனிங்கன் என்ற சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உறுப்பினர் கட்டணம் கட்டாதவரையும் யாரும் தடுப்பதில்லை. ஆனாலும், தொடர்ந்து போகத் தொடங்கிவிட்டால் உறுப்பினராகச் சேர்வதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். நள்ளிரவில் தட இயந்திரத்தை ஓட்டுபவருக்கு எங்கிருந்தோ பணம் வர வேண்டும்.

அல்பீனில் ஒவ்வொரு நாளும் லிஃப்ட் அட்டை வாங்க வேண்டும், உபகரண வாடகை, பயிற்சி, மலையில் சாப்பாடு என்று செலவு வரிசையாக வரும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள் அல்பீன் செலவை வைத்து, ஒருவருக்குப் பழைய லாங்ரென் உபகரணம் முழுவதையும் வாங்கிவிடலாம். சிறு பிள்ளைகள் தலைக்கவசம் அணிந்திருந்தால் பல அல்பீன் மையங்களில் அவர்களுக்கு லிஃப்ட் இலவசம். அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உபகரணத்தை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

முதல் பருவத்தில் வாங்க வேண்டாம். அல்பீன் மையங்களிலேயே எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். லாங்ரென் ஸ்கீ வேண்டுமென்றால் ‘பூஆ’ என்ற இரவல் நிலையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. ஸ்கீ, சப்பாத்து, கைத்தடி எல்லாவற்றையும் அங்கே இலவசமாக இரவல் தருகிறார்கள்; பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, பெரியவர்களுக்கும் தருவார்கள். முதற்பனி விழுந்த வாரத்தில் எல்லோரும் ஓடி வருவதால் முன்கூட்டியே போங்கள்.

ஏதாவது ஒன்றுக்குப் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் சப்பாத்துக்குச் செலவழியுங்கள். லாங்ரென் சப்பாத்தில் குதிகால் உள்ளே எழும்பினால் ஐந்து கிலோமீட்டருக்குள் கொப்புளம் நிச்சயம்.

எனக்கு உயரம் 168 சென்டிமீட்டர். கடைக்காரர் உயரத்தைவிட எடையைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். ஏன்?

நல்ல கடைக்காரர். அல்பீன் ஸ்கீயில் தொடக்கக்காரருக்கு நாடியிலிருந்து மூக்கு வரையான உயரம் போதும் என்று கண்ணளவிலேயே சொல்லிவிடலாம். வெட்டிய தடத்தில் ஓடும் கிளாசிக் வகை லாங்ரென் ஸ்கீ உங்கள் உயரத்தைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமாக இருக்கும். ஆனால் அதன் உயிர் நீளத்தில் இல்லை, நடுவில் வில்போல் வளைந்திருக்கும் பகுதியில் இருக்கிறது. இரண்டு காலிலும் நிற்கும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொடாமல் மேலே நின்று ஸ்கீயை ஓடவிட வேண்டும். ஒரு காலால் அழுத்தித் தள்ளும்போது அது பனியில் பதிந்து பிடிக்க வேண்டும். எடைக்கு மீறிய விறைப்பு இருந்தால் பிடிக்கவே பிடிக்காது, ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்குவீர்கள். விறைப்புப் போதாவிட்டால் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும், ஓடாது.

இதை வீட்டிலேயே ஒரு காகிதத்தை வைத்துச் சோதிக்கலாம். தட்டையான தரையில் இரண்டு ஸ்கீயிலும் சமமாக நில்லுங்கள். இன்னொருவர் பாதத்துக்கு நேர் கீழே ஒரு தாளைச் செருகி முன்னும் பின்னும் இழுக்கட்டும். தாள் சுலபமாக நகர வேண்டும். பிறகு எடை முழுவதையும் அந்த ஒரு காலில் ஏற்றுங்கள்; தாள் சிக்கி நிற்க வேண்டும். இரவல் வாங்கும் ஸ்கீக்கும் இதைச் செய்து பாருங்கள். “எனக்கு லாங்ரென் வராது” என்று சொன்ன பலருக்கு வராமல் போனதற்குக் காரணம், அண்ணனுடைய ஸ்கீயில் தம்பி ஏறியதுதான்.

மெழுகு பூசத் தெரியாது. அது தெரியாமல் லாங்ரென் முடியாதா?

முடியும். ஸ்கீயின் நடுப்பகுதி பனியைப் பிடிக்கத்தான் மெழுகு பூசுகிறார்கள். ‘ஃபெல்லேஷீ’ என்ற வகையில், நடுப்பகுதியின் அடியில், ஆட்டு மயிரால் நெய்த ஒரு பட்டை ஒட்டப்பட்டிருக்கும். ஸ்கீயின் முனையிலிருந்து பின்னோக்கித் தடவினால் வழுக்கும், முன்னோக்கித் தடவினால் பிடிக்கும், கன்றுக்குட்டியின் முதுகைத் தடவுவதுபோல. தொடக்கக்காரருக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன், சுழியத்தை ஒட்டிய வெப்பநிலை அடிக்கடி வரும் ஒஸ்லோவில் குறிப்பாக.

மெழுகைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம், அது ஓர் இன்பமான வேலையும்கூட. கடுங்குளிருக்குப் பச்சை, சுழியத்துக்குச் சில பாகை கீழே நீலம், சுழியத்தை ஒட்டி ஊதா, அதற்கு மேலே ஈரமான பனிக்குச் சிவப்பு. நீலக் கட்டியை நடுப்பகுதியில் மட்டும் மெல்லியதாகத் தேய்த்து, தக்கைத் துண்டால் அழுத்தி உரசி, வழவழப்பு வந்ததும் மீண்டும் ஒரு பூச்சு. மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட நன்றாகப் பிடிக்கும்.

லாங்ரென்னுக்கு முதல் நாள் எங்கே போவது?

சொங்ஸ்வான். சுரங்க ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் ஏரிக்கரை. அந்தப் பகுதி பெரும்பாலும் தட்டையானது, களைத்துவிட்டால் ரயில் பக்கத்திலேயே இருக்கிறது. சில வாரங்கள் பழகிய பிறகு, அங்கிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஏறினால் உல்லேவோல்சேத்தர் காட்டுவிடுதி வரும். இலவங்கப்பட்டை மணக்கும் ரொட்டியும் சூடான பானமும் கிடைக்கும். ஆனால் போகும்போது ஏற்றம் என்றால் வரும்போது இறக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். க்ரூரூடாலன் பக்கம் வசிப்பவர்களுக்கு, அந்தப் பள்ளத்தாக்கை ஒட்டியே லில்லோமார்க்கா காடு இருக்கிறது.

முதலாம் இலக்க ரயிலில் ஃப்ரொங்னர்சேத்தரனுக்குப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. பெட்டி நிறைய ஸ்கீயோடு ஆட்கள் ஏறுவதைப் பார்த்தால் அந்த ஆசை வரத்தான் செய்யும். அங்கே பனி நன்றாக இருக்கும், ஆனால் வழி ஏற்ற இறக்கம் நிறைந்தது. முதல் நாளுக்கு அது வேண்டாம். காட்டில் சிவப்பு அடையாளமிட்டவை குளிர்காலத் தடங்கள், நீல அடையாளம் கோடைப் பாதைகளுக்கு உரியது. இது தெரியாமல் நீலத்தைத் தொடர்ந்து போய் முழங்கால் அளவுப் பனியில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அல்பீன் முதல் நாள் எப்படி இருக்கும்?

ஒஸ்லோவுக்குள்ளேயே ட்ரீவானில் அல்பீன் மையம் இருக்கிறது, முதல் நாளுக்கு ஹாஃப்யெல், த்ரீசில் என்று தூரம் போக வேண்டியதில்லை. சரிவுகளுக்கு நிறம் உண்டு: பச்சை மிக இலகு, பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு. பச்சையைத் தாண்ட வேண்டாம். பயிற்றுநரிடம் ஒரு பாடமாவது எடுங்கள்; நண்பர் கற்றுத் தருகிறேன் என்று நேராகச் சிவப்புச் சரிவின் உச்சிக்கு அழைத்துப் போனதால், பாதிப் பகலை ஓரத்தில் உட்கார்ந்தே கழித்தவர்கள் எத்தனையோ பேர்.

சரிவைவிட முதல் நாள் தொல்லை தருவது லிஃப்ட்தான். ஓடும் கம்பியில் தொங்கி ஆளை மேலே இழுக்கும் தலைகீழ் டீ வடிவக் கொக்கி பின்னால் வந்து தட்டும்போது பழக்கதோஷத்தில் உட்காரத் தோன்றும். உட்காரக் கூடாது. நின்றபடியே அது தொடையின் பின்புறத்தைத் தள்ள விடுங்கள், ஸ்கீ இரண்டையும் நேராக வையுங்கள். விழுந்தால் கொக்கியை விட்டுவிட்டு உடனே பாதையிலிருந்து உருண்டு விலகுங்கள். சரிவில் எப்போதும் உங்களுக்கு முன்னால், கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் விலக வேண்டியவர் மேலிருந்து வரும் நீங்கள்.

என்ன உடுத்துவது? என்னிடம் பெரிய குளிர்கால மேலங்கி இருக்கிறது, அது போதாதா?

அல்பீனுக்கு அது உதவும், ஏனென்றால் லிஃப்டில் அசையாமல் காற்றில் இருப்பீர்கள். லாங்ரென்னுக்கு அது வேண்டாம். பத்து நிமிடத்தில் வியர்வையில் நனைந்து, நின்றதும் நடுங்குவீர்கள். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை. புறப்படும்போது சற்றுக் குளிர்ந்தால் உடை சரியாக இருக்கிறது என்று பொருள். பருத்தி உள்ளாடை இரண்டுக்கும் ஆகாது. ஈரத்தை உறிஞ்சி உடலோடு ஒட்டவைத்துவிடும்.

எனக்கு வயது 52, முழங்காலில் வலி உண்டு, சர்க்கரையும் இருக்கிறது. இனிமேல் தொடங்கலாமா?

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, லாங்ரென்னில் தொடங்குங்கள். ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் அடி இதில் இல்லை. கால், கை, முதுகு, வயிறு எல்லாம் ஒரேயடியாக உழைக்கின்றன. நம் தெற்காசியச் சமூகங்களில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நான்கு மாதக் குளிர்காலத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து கழிப்பதற்கு மாற்றாக இது கிடைத்திருப்பதை நான் பெரிய வரமாகவே நினைக்கிறேன். இன்சுலின் எடுப்பவர்கள் சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்பதால் தனியே போக வேண்டாம். சட்டைப் பையில் இனிப்பு வைத்திருங்கள். நோர்வேயர்கள் எல்லோரும் ஒரு தோடம்பழமும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும் கொண்டுதான் போகிறார்கள். அல்பீனை இந்த வயதில் தொடங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன், ஆனால் வலிக்கும் முழங்காலோடு தொடங்க வேண்டாம்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஸ்கீ நாள் வருகிறது. எதை வாங்கிக் கொடுப்பது?

எந்த ஸ்கீ நாள் என்று முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். சில பள்ளிகள் லாங்ரென்னுக்கும் சில அல்பீனுக்கும் அழைத்துப் போகும். எதுவானாலும், வாங்காமல் மேலே சொன்ன பூஆவில் இரவல் எடுங்கள், பிள்ளை அடுத்த ஆண்டுக்குள் வளர்ந்துவிடும். அந்த நாளுக்கு முன் இரண்டு மூன்று முறையாவது கூட்டிப்போய்ப் பழக்குவதுதான் முக்கியம். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மூன்று வயதிலிருந்தே ஸ்கீயில் நிற்பவர்கள். நம் பிள்ளை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சப்பாத்தைப் பூட்டப் பார்த்துத் தடுமாறினால், அந்தக் கூச்சம் பல ஆண்டுகள் போகாது. பிள்ளைகளுக்கு இரண்டு வகையும் சேர்த்தே வந்துவிடும், தேர்வு என்ற கேள்வியே பெரியவர்களுக்குத்தான்.

கிளாசிக், ஸ்கேட்டிங் என்று லாங்ரென்னிலேயே இரண்டு இருக்கிறதாமே?

ஆம். வெட்டிய தடத்துக்குள் கால்களை இணையாக ஓட்டுவது கிளாசிக். அகலமான செப்பனிட்ட பாதையில், பனிக்கட்டி மேடையில் ஓடுவதுபோல் பக்கவாட்டில் உந்துவது ஸ்கேட்டிங். அதற்கு ஸ்கீ, சப்பாத்து, கைத்தடி எல்லாம் வேறு, மூச்சும் நிறைய வேண்டும். முதல் இரண்டு பருவம் கிளாசிக்கிலேயே இருங்கள்.

தடத்தில் போகும்போது பின்னால் வந்தவர் “லொய்பே!” என்று கத்தினார். நான் என்ன தவறு செய்தேன்?

தவறு ஒன்றும் இல்லை. ‘லொய்பே’ என்றால் தடம்; ‘தடத்தை விடுங்கள், கடந்து போகிறேன்’ என்பதன் சுருக்கம் அது. கூட்டமான ஞாயிறுகளில் அது கடுமையாகக் காதில் விழும், ஆனாலும் திட்டு அல்ல. வலது பக்கம் விலகி வழி விட்டால் போதும்.

மற்ற முறைகளும் சுருக்கமானவை. வலப்பக்கமாகப் போங்கள், ஏறிக்கொண்டிருப்பவர் இறங்கி வருபவருக்கு வழிவிட வேண்டும், ஏனென்றால் இறங்குபவரால் நிறுத்த முடியாமல் இருக்கலாம், நின்று பேசுவதானால் தடத்தை விட்டு வெளியே நில்லுங்கள், வளைவின் மறைவில் நிற்கவே வேண்டாம், வெறும் காலணியோடு தடத்தை மிதிக்காதீர்கள். இந்தக் கடைசி ஒன்றுதான் நோர்வேயர்களை உண்மையிலேயே வருத்தும். ஒரு மணிநேரம் முன்பு இயந்திரம் வெட்டிய சுத்தமான தடத்தில் சப்பாத்துக் குழிகளைப் பார்த்தால், இப்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அல்பீனில் முதலில் பழகிவிட்டால், லாங்ரென்னின் இறக்கங்கள் சுலபமாகிவிடுமா?

ஓரளவு. கலப்பை நிலை, எடையை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு மாற்றுவது, வேகத்தைக் கண்டு உடல் விறைக்காமல் இருப்பது, இவை மூன்றும் அப்படியே உதவும். ஆகவே, லாங்ரென்னைத் தேர்ந்தெடுத்தவரிடமும் அந்தப் பருவத்தில் ஒரு நாள் அல்பீன் பாடம் எடுங்கள் என்று சொல்வேன். இறக்கத்தைப் பற்றிய பயத்துக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

உதவாதது ஒன்றும் உண்டு. அல்பீன்காரர் கணைக்காலின் முன்புறத்தைச் சப்பாத்தின் நாக்கில் அழுத்தி முன்சாய்ந்து நிற்கப் பழகியவர். லாங்ரென் சப்பாத்தில் சாய்வதற்கு அப்படி ஒரு நாக்கே இல்லை. அதே சாய்வில் நின்றால் முகங்குப்புற விழுவார். நல்ல அல்பீன்காரர்கள் லாங்ரென்னின் முதல் இறக்கத்தில் விழுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன், அதற்குக் காரணம் இதுதான்.

ஒரே ஸ்கீயில் ஏறவும் இறங்கவும் முடிந்தால் இந்தத் தேர்வே வேண்டாமே?

நியாயமான கேள்வி, வரலாறும் உங்கள் பக்கம்தான். தெலெமார்க்கின் மோர்கெடால் கிராமத்தில் 1825இல் பிறந்த சோன்ட்ரெ நூர்ஹைம், மரச்சுள்ளியை முறுக்கிச் செய்த பிணைப்பைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, ஏறவும் தாவவும் திரும்பவும் ஒரே ஸ்கீயைப் பயன்படுத்தினார். ‘ஸ்லாலோம்’ என்ற சொல்லே நோர்வேயிலிருந்து போனது: ‘ஸ்லா’ என்றால் மென்சரிவு, ‘லோம்’ என்றால் தடம். லாங்ரென் 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இருந்தது. அல்பீன் 1936இல்தான் சேர்ந்தது. உபகரணங்கள் அதன் பிறகு வெகுதூரம் பிரிந்துவிட்டன.

இன்றும் இடைப்பட்ட வகை உண்டு. ‘ஃப்யெல்ஷீ’ என்ற மலை ஸ்கீ, லாங்ரென்னைவிட அகலமானது, உருக்கு விளிம்பு உள்ளது, குதிகால் எழும்பும். தடமில்லாத உயர்மலையில் முதுகுப்பையோடு போக அதுவே ஏற்றது. ஆனால் அதில் பழகத் தொடங்கினால், செப்பனிட்ட தடத்தில் மந்தமாகவும், அல்பீன் சரிவில் தள்ளாட்டமாகவும் இருக்கும். மூன்றாவதாக வாங்க வேண்டிய ஸ்கீ அது.

ஒரு பருவம்தான் பழகியிருக்கிறேன். ஈஸ்டருக்கு வேலையிடத்து நண்பர்கள் மலைக்குடிலுக்கு அழைக்கிறார்கள். போகலாமா?

போங்கள், அழைப்பு நட்பின் அடையாளம். ஆனால் தூரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோர்வேயர் “சின்னச் சுற்று” என்று சொன்னால் அது 15 கிலோமீட்டராக இருக்கலாம். உங்கள் நீண்ட நாள் எவ்வளவு தூரம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அது அவர்களுக்கும் உதவி.

மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே வானிலை மணிக்கணக்கில் மாறும். 1967 ஈஸ்டரில் மலைகளில் 18 பேர் உயிரிழந்த பிறகு, மலைநடைக்கான ஒன்பது விதிகளை இந்த நாடு பள்ளிப்பிள்ளை முதல் எல்லோருக்கும் கற்பிக்கத் தொடங்கியது. ‘காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை’ என்பது அவற்றில் எல்லோருக்கும் மனப்பாடமானது. நீங்கள் களைத்துவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நோர்வேக் குழுவில் அந்த வாக்கியத்தைச் சொன்னவரை மறுத்துப் பேச எவரும் துணியமாட்டார்கள்.

ஒரு பருவம் முழுவதும் லாங்ரென் முயன்றேன், பிடிக்கவில்லை. அல்பீனுக்கு மாறினால் பிழையா?

பிழையே இல்லை. மாறுவதற்கு முன் இரண்டை மட்டும் சரிபாருங்கள். ஸ்கீ உங்கள் எடைக்கு ஏற்றதா என்று மேலே சொன்ன காகிதச் சோதனையைச் செய்தீர்களா? ஆறேழு முறையாவது இடைவெளி விடாமல் போனீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால், உங்களுக்கு வேகமும் சரிவும்தான் இன்பம் என்பது தெளிவு, தாராளமாக மாறுங்கள். ஒன்றுக்காவது இல்லை என்றால், பனி மறுபடி விழும்போது சரியான ஸ்கீயில் இன்னும் மூன்று ஞாயிறுகள் கொடுத்துப் பாருங்கள். பூஆவில் இரவல் ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் எடையைச் சொல்லி, அதற்கேற்ற ஃபெல்லேஷீ இருக்கிறதா என்று கேளுங்கள். பருவம் முடிந்த ஏப்ரலில் அவர்களுக்கும் நின்று பார்த்துத் தர நேரம் இருக்கும்.